கலிஃபோர்னியாவின் 10 வாக்குகள் எங்கே போயின?

ஆம்பூர்வாசி கேட்டது:

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே தைக்கும் ஷூக்களில் கணிசமான பங்கு அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது. ஆகவே அங்கே அதிபர் தேர்தல் வந்தால் கட்டிங் பிரிவிலிருந்து பேக்கிங் வரை எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். சுங்க வரி ஏறுமா, ஆர்டர் குறையுமா என்ற கவலைதான். மற்றபடி அந்த ஊர்க் கட்சிகள்மேல் எங்களுக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை.

அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களின் சார்பில் ஓட்டுப் போடும் தேர்வாளர்களின் வாக்குகள் மொத்தம் 538, 270 கிடைத்தால் வெற்றி என்பது வரை எல்லோருக்கும் தெரிகிறது. கலிஃபோர்னியாவுக்கு 54, டெக்சஸுக்கு 40, வயோமிங்குக்கு 3 என்று டிவியில் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த எண்களை யார், எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

மக்கள்தொகைப்படி என்கிறார் எங்கள் ஸ்டோர் கீப்பர் பாய். சரி என்று நானே வகுத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் 33 கோடிச் சொச்சத்தை 538ஆல் வகுத்தால் ஒரு வாக்குக்கு 6 லட்சத்துச் சொச்சம் பேர். அந்தக் கணக்கில் கலிஃபோர்னியாவுக்கு 64 வர வேண்டும், வயோமிங்குக்கு 1தான் வர வேண்டும். கலிஃபோர்னியாவின் 10 வாக்குகள் எங்கே போயின? 2016இல் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றதற்கும் இதுதான் காரணமா?

பாலாற்றங்கரை எழுதியது:

அது பழைய பேரம் தம்பி. அந்த நாட்டை உருவாக்கியபோது சின்ன மாநிலங்கள் முரண்டு பிடித்தன. அவற்றைச் சேர்த்துக்கொள்வதற்காக, பெரிதோ சிறிதோ, மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) என்று கொடுத்தார்கள். அந்த இரண்டு அதிபர் தேர்தலிலும் கூட வருகிறது. உங்கள் 10 அங்கேதான் போயிருக்கிறது. இதில் கணக்கு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் அரசியல்.

காட்பாடி கணக்கு வாத்தியார் எழுதியது:

பாலாற்றங்கரை அவர்கள் பேரம் என்றது சரி. "கணக்கு என்று ஒன்றும் கிடையாது" என்றாரே, அதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை.

முதலில் ஆம்பூர்த் தம்பியின் 10 வாக்குகள். 538 என்பது ஒரே குவியல் அல்ல. பிரதிநிதிகள் சபை இடங்கள் 435, செனட் இடங்கள் 100, தலைநகரான வாஷிங்டனுக்கு 3. எந்த மாநிலமும் சபையில் தனக்குள்ள இடங்களோடு இரண்டைக் கூட்டிக்கொண்டால் அதுதான் அதன் தேர்வாளர் எண்ணிக்கை. வாஷிங்டன் நகரம் எந்த மாநிலத்திலும் சேராததால் வெகுகாலம் அங்கிருப்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டே இல்லை. 1961இல் 23ஆவது திருத்தம் கொண்டுவந்துதான் அந்த மூன்றைக் கொடுத்தார்கள்.

இப்போது 435ஐ மட்டும் மக்கள்தொகைப்படி பிரியுங்கள். 2020 கணக்கெடுப்பில் இதற்காக எடுத்துக்கொண்ட மொத்தம் 33,11,08,434. கலிஃபோர்னியா 3,95,76,757. விகிதம் போட்டால் கலிஃபோர்னியாவின் பங்கு 51.995. கொடுத்திருப்பது 52. அதாவது இந்தக் குவியலில் அதற்கு ஒரு நயா பைசா நஷ்டம் இல்லை. செனட்டின் 100ஐயும் இதே விகிதத்தில் பிரித்திருந்தால் 12 வந்திருக்கும். வந்தது 2. தம்பி தேடுகிற பத்தும் அங்கேதான் இருக்கிறது, பாலாற்றங்கரை சொன்ன இடத்தில்தான்.

வயோமிங்கைப் பாருங்கள். மக்கள் 5,77,719 பேர். 435இல் நியாயமான பங்கு முக்கால் இடம். முக்கால் ஆளைச் சபைக்கு அனுப்ப முடியாது. எந்த மாநிலத்துக்கும் குறைந்தது ஒன்று என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆக 1, அதோடு 2, மொத்தம் 3. அங்கே 1,92,573 பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் 7,32,903 பேருக்கு ஒருவர். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல் வருகிறது: அந்த 435ஐ முழு எண்களாகப் பிரிப்பது எப்படி? பண்டிகைக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்துக் கூறு போடும்போது பணம் கொடுத்த விகிதத்துக்குக் கறியை வெட்டிச் சரிசெய்துவிடலாம். தலை ஒன்றுதானே இருக்கிறது, அது யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். இங்கே 435ம் தலைகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பின்னம் வரும். பின்னங்களை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று அமெரிக்கர்கள் 1790களிலிருந்து சண்டை போட்டிருக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் தம் ரத்து அதிகாரத்தை முதன்முதலில் பயன்படுத்தியதே 1792இல் இந்தப் பங்கீட்டு மசோதா ஒன்றின் மீதுதான். அவருடைய அமைச்சர்களில் ஹாமில்டன் ஒரு வழிமுறை சொன்னார், ஜெஃபர்சன் வேறொன்று சொன்னார். ஜெஃபர்சன் முறை ஜெயித்தது.

ஹாமில்டன் முறை பார்ப்பதற்கு வெகு நியாயமாக இருக்கும். பங்கைக் கணக்கிட்டு முழு எண் பகுதியைக் கொடுத்துவிடு, மீதியுள்ள இடங்களைப் பெரிய பின்னம் உள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடு. நம் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். பின்னாளில் அமெரிக்கர்களும் இதற்கு மாறினார்கள். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கணக்கெடுப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தரான சீட்டன் என்பவர் சபையின் அளவை ஒவ்வொன்றாகக் கூட்டி அட்டவணை போட்டார். சபையில் 299 இடம் இருந்தால் அலபாமா மாநிலத்துக்கு 8. 300 ஆக்கினால் 7! மொத்தம் கூடுகிறது, மக்கள்தொகை அப்படியே இருக்கிறது, பங்கு குறைகிறது. அலபாமா முரண் என்று இன்றும் கணக்குப் புத்தகங்களில் அதற்குப் பெயர். பணி ஓய்வு பெறும் வரை பதினொன்றாம் வகுப்புக்கு இதை ஒரு வருடமாவது நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை, விட்டுவிட்டேன்.

1941 முதல் நடப்பிலிருப்பது ஹன்டிங்டன், ஹில் என்ற இருவர் பெயரால் வழங்கும் முறை. 50 மாநிலங்களுக்கும் தலைக்கு ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். மீதி 385. இனி ஒவ்வோர் இடத்தையும் ஏலம் விடாத குறைதான். ஒரு மாநிலத்தின் கையிலுள்ள இடங்களை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்க வேண்டும். வர்க்கமூலம் காண வேண்டும். மக்கள்தொகையை அதனால் வகுக்க வேண்டும். கையில் 1 இருந்தால் 1×2, வர்க்கமூலம் 1.414. கையில் 2 இருந்தால் 2×3, வர்க்கமூலம் 2.449. வகுத்து வருவது யாருக்குப் பெரிதோ அவருக்கு அடுத்த இடம்.

51ஆவது இடத்துக்குக் கலிஃபோர்னியாவின் எண் ஏறத்தாழ 2.8 கோடி, எட்ட ஆளில்லை. 52ஆவது டெக்சஸுக்கு. 53ஆவது மறுபடியும் கலிஃபோர்னியாவுக்கு. 54 ஃப்ளோரிடா, 55 நியூயார்க். இப்படியே போய் 435ஆவது இடத்துக்கு வரும்போது பாருங்கள்: மினசோட்டா 57,09,752 பேர், கையில் 7 இடம், 56இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 7,62,998. நியூயார்க் 2,02,15,751 பேர், கையில் 26 இடம். 702இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 7,62,994. நாலே நாலு வித்தியாசம்! இடம் மினசோட்டாவுக்குப் போனது. நியூயார்க்கில் இன்னும் 89 பேர் கணக்கில் சேர்ந்திருந்தால் அதற்குப் போயிருக்கும். ஒரு திருமண மண்டபத்தின் முதல் பந்திக்குக் கூட அவ்வளவு பேர் போதாது.

இதே கணக்கில் மொன்டானா 10,85,407 பேருடன் இரண்டாவது இடத்தை வாங்கியது. டெலவேர் 9,90,837 பேருடன் ஒன்றோடு நின்றது. ஒரு லட்சம் பேர்கூட வித்தியாசம் இல்லை, ஒன்றுக்கு 4 தேர்வாளர்கள், மற்றதற்கு 3. 1990 கணக்கெடுப்பில் இதே மொன்டானா ஓர் இடத்தை இழந்து, இந்தக் கணக்கு முறையே அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992இல் நீதிமன்றம் முறையை மாற்ற மறுத்துவிட்டது.

2016 பற்றித் தனியாக எழுதுகிறேன். காட்பாடியில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

ராணிப்பேட்டை மகள் எழுதியது:

வாத்தியார் ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டை, இப்போது இருப்பது நீங்கள் சொன்ன அதே மினசோட்டாவில், ரோசெஸ்டர் என்ற ஊரில். நர்ஸ் வேலை.

2020 கணக்கெடுப்பின்போது நானும் என் கணவரும் விசாவில் இருந்தோம். வீட்டில் மாமியாரும் மகனுமாக நான்கு பேர். படிவம் வந்தபோது நாம் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே, நிரப்பினால் ஏதாவது சிக்கல் வருமோ என்று என் கணவருக்குத் தயக்கம். உடன் வேலை பார்க்கும் அம்மாள்தான் சொன்னார்: ஏப்ரல் 1 அன்று இங்கே குடியிருப்பவர் யாராக இருந்தாலும் கணக்கில் உண்டு, குடியுரிமை பார்ப்பதில்லை என்று. நிரப்பி அனுப்பினோம். எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் என்னை எண்ணிக்கொண்டார்கள்.

நியூயார்க் 89 பேரில் கோட்டைவிட்டது என்று அப்போது இங்கே செய்தித்தாள்களில் வந்தது. எங்கள் பக்கம் எத்தனை பேர் குறைந்திருந்தால் இடம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா ஐயா?

காட்பாடி கணக்கு வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. 26 பேர். நியூயார்க்கின் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள இடைவெளி துல்லியமாகப் பார்த்தால் 3.35, அதை 7.483ஆல் பெருக்கினால் 25 வரும், 26ஆவது ஆள் குறைந்தால் இடம் கைமாறிவிடும். அதில் 4 பேர் உங்கள் வீட்டில். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். இடங்களைப் பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, குடியிருப்பவர் எண்ணிக்கையை வைத்து. குழந்தை, வெளிநாட்டவர், சிறையில் இருப்பவர் எல்லோரும் உண்டு. வெளிநாட்டில் பணியிலிருக்கும் ராணுவத்தினரையும் மத்திய அரசு ஊழியர்களையும்கூட அவரவர் சொந்த மாநிலத்தில் சேர்க்கிறார்கள்.

இனி 2016. அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றதற்குச் சின்ன மாநிலங்களின் அந்த இரண்டுதான் காரணம் என்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவராவது கழித்துப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். கழித்தல்தான், இரண்டாம் வகுப்புப் பாடம்.

2000 தேர்தலை முதலில் எடுங்கள். புஷ் 30 மாநிலங்களில் ஜெயித்து 271. கோர் 20 மாநிலங்களும் வாஷிங்டனும் பிடித்து 267. அதில் ஒரு தேர்வாளர் வெற்றுச் சீட்டுப் போட்டதால் பதிவானது 266. நாடு முழுவதும் எண்ணினால் கோர் 5 லட்சத்துக்கு மேல் முன்னிலை. ஜெயித்த ஒவ்வொரு மாநிலத்துக்கும், வாஷிங்டனுக்கும் இரண்டிரண்டைக் கழியுங்கள். புஷ் 271இல் 60 போக 211. கோர் 267இல் 42 போக 225. முடிவு தலைகீழாகிறது! அந்தத் தேர்தலில் செனட் கணக்கின் இரண்டு நிஜமாகவே ஆளை மாற்றியது. 537 ஓட்டில் ஃப்ளோரிடா போனது தனிக் கதை.

2016இல் அதே கழித்தல். டிரம்ப் ஜெயித்தது 306, 30 மாநிலங்கள், 60 போக 246. கிளின்டன் 232, 42 போக 190. டிரம்ப்தான் அப்போதும் முன்னால். கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கியிருந்தும் தோற்றதற்குச் சின்ன மாநிலச் சலுகை காரணம் இல்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78 ஆயிரம் ஓட்டு வித்தியாசம். அதற்கு 46 தேர்வாளர்கள் மொத்தமாக ஒரு பக்கம் போனார்கள். கலிஃபோர்னியாவில் அவர் எத்தனை லட்சம் கூடுதலாக வாங்கினாலும் கிடைப்பது அதே 55தான். அப்போது அதற்கு 55. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகுதான் வரலாற்றிலேயே முதல் முறையாக ஓர் இடம் இழந்து 54 ஆனது.

ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே என்ற இந்த வழக்கம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டார்கள். ஒரு மாநிலம் மொத்தமாகக் கொடுத்தால் பிரித்துக் கொடுக்கிற பக்கத்து மாநிலத்துக்குச் செல்வாக்கு குறைகிறது. ஆகவே எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறி, 1836க்குள் தெற்கு கரோலினா தவிர எல்லா மாநிலங்களும் இதற்கு வந்துவிட்டன. இன்று 1972 முதல் மெய்னும், 1992 முதல் நெப்ராஸ்காவும் மட்டும் இரண்டு வாக்குகளை மாநில அளவில் ஜெயித்தவருக்கும், மற்றவற்றைத் தொகுதிவாரியாகவும் கொடுக்கின்றன. 2024இல்கூட இரண்டிலும் வாக்குகள் பிரிந்தன.

ஆக, ஸ்டோர் கீப்பர் பாய்க்கு என் பதில்: மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு ஒன்று, மாநிலத்துக்குள் அதை யாருக்குக் கொடுப்பது என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித் திட்டுவதால்தான் இத்தனை குழப்பம்.

பாலாற்றங்கரை எழுதியது:

கழித்தலை நானும் போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் 246 என்று வந்ததும் அந்தப் பேரத்தால்தான் என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருப்பத்தூர் குரூப் 2 எழுதியது:

சார், நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7 என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சிக்கிம் 7 என்றால் சிக்கிமுக்கு அநியாயம் இல்லையா? அமெரிக்காவில் சின்ன மாநிலத்துக்குச் சலுகை, இங்கே தண்டனையா?

காட்பாடி கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பி, மனப்பாடம் செய்ததை ஒரு முறை வகுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. இனி மறக்கவும் மறக்காது.

அமெரிக்காவில் வாக்கின் மதிப்பு ஒன்றுதான், ஆட்களின் எண்ணிக்கை மாறும். முழு ஆட்களாக இருக்க வேண்டியிருப்பதால்தான் அந்த வர்க்கமூல வேலையெல்லாம். நாம் அதைத் தலைகீழாகச் செய்தோம். ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் இருக்கட்டும், அவர்கள் வாக்கின் மதிப்பை மக்கள்தொகைக்குத் தக்கபடி மாற்று என்றது அரசியல் சட்டத்தின் 55ஆவது பிரிவு. மாநில மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, அதை 1000ஆல் வகுக்க வேண்டும். மீதி 500க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு: 4,11,99,168ஐ 234ஆல் வகுத்தால் 1,76,064, ஆயிரத்தால் வகுத்தால் 176, மீதி 64ஐ விட்டுவிடலாம். சிக்கிம்: 2,09,843ஐ 32ஆல் வகுத்தால் 6,557, 6, மீதி 557, ஆகவே 7. மாநிலம் மொத்தத்துக்கும் தமிழ்நாடு 41,184, சிக்கிம் 224. இரண்டையும் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள், இரண்டு இடத்திலும் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒரு வாக்கு. சொல்லப்போனால் சிக்கிமுக்குக் கொஞ்சம் லாபம், அந்த 557 முழுமையானதால். தண்டனை எதுவும் இல்லை. பழைய வேலூர் மாவட்டத்தின் 13 தொகுதிகளைச் சேர்த்தால் 2,288 வருகிறது. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு மூன்று உறுப்பினர்கள் சேர்ந்தாலே 528. புதுச்சேரியின் 30 பேரும் சேர்ந்து 480.

இன்னொரு வித்தியாசம். இங்கே மாநிலம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வதில்லை. ரகசிய வாக்கெடுப்பு, அவரவர் சீட்டு அவரவருக்கு, விருப்ப வரிசை வேறு. 1969இல் வி.வி. கிரி முதல் சுற்றில் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணித்தான் சஞ்சீவ ரெட்டியை வென்றார். நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1962இல் குடியரசுத் தலைவர் ஆனதும் இப்படி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போட்ட வாக்குகளில்தான். அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

எம்.பி.க்களுக்கும் கணக்கு உண்டு. எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2022இல் 5,43,231ஐ 776ஆல் வகுத்து 700 என்று வைத்தார்கள். மாநிலங்களும் நாடாளுமன்றமும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

இனி நீங்கள் படிக்கிற புத்தகம் ஒரே வரியில் கடந்துபோகிற விஷயம். 4,11,99,168 என்று எழுதினேனே, அது எந்த வருட மக்கள்தொகை? 1971. 1976இல் 42ஆவது திருத்தம் அதை 2000 வரை நிறுத்தி வைத்தது. 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனாலேயே இடம் இழக்கக் கூடாது என்பது காரணம். நாம் ஏற்கெனவே ஒருமுறை இழந்தவர்கள்: 1962இல் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 41 இடங்கள், 1967இல் 39.

2011 மக்கள்தொகையைப் போட்டு வகுத்தால் என்ன ஆகும்? தமிழ்நாடு 7,21,47,030, எம்.எல்.ஏ. மதிப்பு 308. அடடா கூடிவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். உத்தரப் பிரதேசம் 19,98,12,341, அங்கே 496. இன்று அவர்கள் உறுப்பினர் ஒருவர் நம்மவரைவிட 18 சதவீதம் கூடுதல். அந்தக் கணக்கில் 61 சதவீதம். 1971இல் நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழரைப் பேர், 2011இல் ஆறு பேருக்கும் கொஞ்சம் குறைவு. மக்களவையின் 543இல் 39 என்பது நூற்றுக்கு ஏழு. தொகுதி மறுவரையறை என்றதும் இங்கே ஏன் இவ்வளவு பதற்றம் என்று இப்போது புரிகிறதா? முடக்கியதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அரை நூற்றாண்டு முடக்கி வைத்த கணக்கை ஒரே நாளில் திறக்கும்போது கை சுடாமல் இருக்காது.

அமெரிக்கர்களும் ஒருமுறை இதைச் செய்தவர்கள்தான். 1920 கணக்கெடுப்பில் நகரங்கள் பெருத்துவிட்டன. கிராமப்புற உறுப்பினர்கள் புதிய பங்கீட்டை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1910 கணக்கை வைத்தே இருபதுகளின் அதிபர் தேர்தல்கள் நடந்தன. 1929இல் சட்டம் போட்டுத்தான் பத்தாண்டுக்கு ஒருமுறை தானாகப் பங்கீடு நடக்கும்படி செய்தார்கள். சபையின் 435உம் அப்படியே நின்றுபோனது; அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது சிறிது காலம் 437 ஆகித் திரும்பியது.

முடக்கியது மாநிலங்களுக்கு இடையிலான பங்கைத்தான், மாநிலத்துக்குள் கோடு போடுவதை அல்ல. 2008இல் 2001 கணக்கை வைத்துத் தொகுதி எல்லைகளை மாற்றினார்களே, உங்கள் திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியே காணாமல் போய் நீங்கள் திருவண்ணாமலைக்கு ஓட்டுப் போடுகிறீர்களே, அது அந்த வேலை. என் கதையைக் கேளுங்கள். பாலத்தைத் தாண்டினால் வேலூர், குப்பை வரி கட்டுவது வேலூர் மாநகராட்சிக்கு, எம்.பி. மட்டும் அரக்கோணம். 2019இல் பணப் பறிமுதலால் வேலூர் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் மாதம் நடந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி அலறியது, இந்தப் பக்கம் நாங்கள் ஏப்ரலிலேயே மையை வைத்துக்கொண்டு முடித்துவிட்டிருந்தோம். தமிழ்நாட்டின் 39 அப்போதும் 39தான்.

ஆம்பூர்வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: 538 இரட்டைப்படை எண். 269, 269 என்று நின்றுவிட்டால்?

காட்பாடி கணக்கு வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. யாருக்கும் 270 இல்லை என்றால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகிறது. ஆனால் 435 பேர் தலைக்கு ஒரு ஓட்டு போடுவதில்லை. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கலிஃபோர்னியாவின் 52 பேரும் தங்களுக்குள் பேசி ஒரு ஓட்டு, வயோமிங்கின் ஒற்றை உறுப்பினர் தனியாக ஒரு ஓட்டு. 26 வாங்கியவர் அதிபர். இதுவரை நான் எழுதிய வர்க்கமூலம் அத்தனையும் அங்கே செல்லாது.

1824இல் இப்படி நடந்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, ஹென்றி கிளே 37. தேவை 131, ஒருவருக்கும் இல்லை. முதல் மூன்று பேரைத்தான் சபை பரிசீலிக்கும் என்பதால் கிளே வெளியே போனார். போனவர் ஆடம்ஸை ஆதரித்தார். 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்குக் கிடைத்து அவர் அதிபரானார். கிளேயைத் தம் வெளியுறவு அமைச்சராக்கிக்கொண்டார். ஜாக்சன் ஆட்கள் நான்கு வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே 1828இல் ஜெயித்தார்கள்.

வாஷிங்டன் நகரத்துக்கு 1961இல் கொடுத்த 3 வாக்குகளும் சமநிலை வந்தால் பயன்படாது. சபையில் அதற்கு ஓட்டுரிமையுள்ள உறுப்பினர் இல்லை.